எடுத்து வைத்த ஏடு

விந்தியாசல் மிசிரின் மகன் செத்துப்போனான் என்பது சிரௌலியில் ஒரு நாள்தான் பேச்சாக இருந்தது. மறுநாள் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேறொரு செய்தி முன்னால் வந்து நின்றது. மிசிர் அழுகிறாராம்.

முதலில் யாரும் நம்பவில்லை. நாற்பது வருஷமாகக் கங்கைக்கரையில் அந்தப் பக்கத்து ஏழெட்டு ஊர்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பத்தாம் நாள்வரை சாயங்காலம் வந்து உட்கார்ந்து புராணம் வாசிக்கிறவர் அவர்தான். சாவு வீட்டுக்கென்றே உள்ள புராணம் அது. மற்ற நாளில் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூட ஜனங்கள் பயப்படுவார்கள். மிசிர் மட்டும் சிவப்புத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார்.

"வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவனுக்காக யாராவது மாரடிப்பாங்களா?" என்று கேட்பார். "விழுந்தது வீடு. குடியிருந்தவன் கிளம்பிட்டான். அவனை நெருப்பு சுடாது, தண்ணி நனைக்காது. அப்புறம் எதுக்கு இந்தக் கூப்பாடு?"

அவர் கேட்கிற தோரணையில் பெண்கள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர், லாரி மோதிச் செத்த இருபத்தேழு வயது மகனுக்காகத் தரையில் புரண்டு அழுகிறார் என்றால் எப்படி நம்புவது?

தனேஸரி நம்பவேயில்லை. முற்றத்தில் குந்தி, சந்தைக்குப் போக வேண்டிய பர்வல் காயைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவள், மறுபடியும் அதே செய்தியோடு வந்த பக்கத்து வீட்டு ராஜ்மதியை முறைத்தாள்.

"உனக்கு வேற வேலை இல்ல? பாபாவாவது அழறதாவது!"

ஊரே மிசிரை பாபா என்றும் அவர் மனைவியை மிசிராயின் என்றும்தான் கூப்பிடும்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் தீதி. மிசிராயின்கூட அடங்கிட்டா, அவர் அடங்கல. கன்னுக்குட்டி மாதிரி கத்துறார். அதனாலதான் வந்தேன். நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லணுமாம். மிசிராயினே சொல்லி அனுப்பினா."

"நானா? அவருக்கா?"

"வேற யாரு சொல்லுவா? ஊருக்கே அவர் உன்னைத்தானே காட்டுவார்!"

அது உண்மைதான். எப்படி உண்மையாயிற்று என்று தெரிந்துகொள்ளப் பதினோரு வருஷம் பின்னால் போகவேண்டும்.

தனேஸரியின் ஒரே மகன் லல்லனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தோட்டத்து மோட்டாரைப் போடப் போனவன் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டான். அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் தனேஸரி அழுத அழுகையில் மாடுகூடத் தீனி தின்னவில்லை என்பார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மிசிர் சிவப்புத் துணியைப் பிரித்தார். பைண்டு செய்யாத புத்தகம் அது, தனித்தனி நீள ஏடுகள். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து, அர்த்தம் சொல்லி, கவிழ்த்து இடப்பக்கம் வைத்துக்கொண்டு வந்தார். அவள் அழுகைச் சத்தத்தில் பாதி யார் காதிலும் விழவில்லை. ஒரு ஏட்டில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி அவளை நேராகப் பார்த்தார்.

"தனேஸரி, இதைக் கேளு. உன் பையன் இப்ப யமன் ஊருக்குப் போற பாதையில நடந்துட்டிருக்கான். நீண்ட பாதை, ஒரு வருஷத்து நடை. பசிக்கும், தாகமெடுக்கும். இங்க சொந்தக்காரங்க வடிக்கிற கண்ணீர் இருக்கே, அத்தனையும் அவன் வாய்க்குத்தான் போகும். வேண்டாம்னு அவனால துப்ப முடியாது. குடிச்சே ஆகணும். நீ அழ அழ, அந்த உப்புத் தண்ணிய உன் பிள்ளைக்கு நீயே புகட்டுற. புகட்டணுமா?"

அந்த நிமிஷம் தனேஸரி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் அழவில்லை. சுலபமாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்ணில் நீர் முட்டினால் கூரையைப் பார்த்து முகத்தை நிமிர்த்திக்கொள்வாள். அது தொண்டை வழியே இறங்கும், விழுங்கிவிடுவாள். நாமே விழுங்கிவிட்டால் அவனுக்குப் போகாது அல்லவா? அதுதான் அவள் கணக்கு. பத்தாம் நாள் மிசிர் ஊரார் முன்னால் அவள் தலையில் கை வைத்து, "நூத்துல ஒரு தாய். உன் பிள்ளைக்குக் காய்ஞ்ச பாதை போட்டுக் குடுத்துட்ட. கால்ல சேறு ஒட்டாம நடந்து போவான்" என்றார். அந்த வார்த்தையைத் தனேஸரி நகை மாதிரி பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டாள். அவளிடம் வேறு நகையும் இல்லை.

ஒரு வருஷத்து நடை என்றாரே, அதனால் ஒரு வருஷமும் அடக்கினாள். வருஷத் திதியன்று மிசிர், "இனிமே கவலை இல்ல. எங்கேயோ ஒருத்தி மடியில பால் குடிச்சிட்டிருப்பான் உன் பிள்ளை" என்றார். இனி அழலாமா என்று கேட்கலாம் என்றிருந்தவளுக்கு அதைக் கேட்டதும் நாக்கு எழவில்லை. அதற்குள் அழுகை வருகிற வழியும் தூர்ந்துபோயிருந்தது. ஆனாலும் பயம் விடவில்லை. வெங்காயம் அரியும்போதுகூட முந்தானையை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொள்வாள். எந்தச் சொட்டு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? அவள் புருஷன் ராம்பச்சன், "கொள்ளைக்காரி வந்துட்டா, பணத்தை ஒளிச்சு வைங்க" என்று கேலி செய்வார். அவர் செய்த கேலிகளில் அவளை லேசாகவாவது சிரிக்க வைத்தது அது ஒன்றுதான்.

மிசிரோ போகிற வீடெல்லாம் அவள் கதையைச் சொன்னார். அடங்காமல் அழுகிற பெண்களை அவளிடம் அழைத்து வருவார்கள். அவள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மிசிர் சொன்னதை அப்படியே சொல்வாள். எத்தனை பேர் வாயில் அவள் துணியைத் திணித்தாளோ, அவளே அறிய மாட்டாள்.

ராஜ்மதி வந்து கூப்பிட்டது நாலாம் நாள். சாயங்காலம் தனேஸரி மிசிர் வீட்டுக்குப் போனாள். போகும்போது ராம்பச்சன், "லல்லன் அம்மா, என்ன சொல்லப்போற?" என்று கேட்டார். மகன் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"அவர் எனக்குச் சொன்னதைத்தான்" என்றாள்.

மிசிர் கூடத்தில் கம்பளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். கொள்ளி வைத்தவர் என்பதால் மொட்டைத் தலை, உடம்பில் ஒற்றை வெள்ளைத் துணி. ராஜ்மதி பொய் சொல்லவில்லை. எழுபது வயதுக் கிழவரின் முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. "உமா, அடே உமா" என்று மகன் உமாகாந்தை வாய்விட்டுக் கூப்பிட்டார். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்த பிள்ளை.

சொந்த வீட்டுச் சாவுக்குத் தானே வாசிக்கக் கூடாது. அதனால் ஜமானியாவிலிருந்து உபாத்தியாய் என்ற பண்டிதர் வந்திருந்தார். ஏடு மட்டும் மிசிருடையது. அதே சிவப்புத் துணி.

தனேஸரி பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவளுக்கு மிசிர்மேல் கோபம் இல்லை, இரக்கம்தான். பாவம், மறந்துவிட்டார், அந்த ஏடு வந்தால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தாள். எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறாள்! எந்த ஏட்டுக்கு அடுத்து அது வரும் என்று அவளுக்கு அத்துப்படி. அதை வாசித்து முடித்ததும் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்து, "பாபா, உமாகாந்துக்குக் காய்ஞ்ச பாதை போட்டுக் குடுங்க" என்று சொல்வதாகத் தீர்மானித்திருந்தாள்.

முந்தின ஏடு முடிந்தது. உபாத்தியாய் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மிசிரின் கை கம்பளத்திலிருந்து லேசாக எழுந்தது. உள்ளங்கையை மட்டும் ஒரு முறை அசைத்தார். உபாத்தியாய் தலையாட்டினார். எடுத்த ஏட்டை வாசிக்காமல் சிவப்புத் துணிக்கு அடியில் செருகிவிட்டு அதற்கடுத்த ஏட்டைத் தொடங்கினார். சர்க்கரை வியாதிக்காரர் இலையில் லட்டு வைக்காமல் தாண்டிப்போவார்களே, அத்தனை இயல்பாக நடந்தது. யாரும் கவனிக்கவில்லை.

தனேஸரிக்குக் காதில் எதுவும் விழவில்லை. அந்தத் துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்து வைக்க முடியுமா அதை? அப்படி ஒரு வசதி இருக்கிறதா?

"எழுந்திரு தீதி, இப்ப சொல்லு" என்று ராஜ்மதி இடித்தாள்.

தனேஸரி எழுந்தாள். எழுந்து வாசல் பக்கம் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ராம்பச்சன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் நின்று சொன்னாள். "அந்த ஏட்டை எடுத்து வெச்சுட்டாங்க."

"எந்த ஏட்டை?"

"எந்த ஏடா? என் வாயை அடைச்ச ஏடு. பாபா கையைக் காட்டினார், அந்த ஆள் எடுத்துத் துணிக்குள்ள செருகிட்டான்."

"பண்டிதருக்குப் பண்டிதர் ஒரு மரியாதை. அதுக்கென்ன இப்ப?"

"மரியாதையா? நமக்கு ஏன் அந்த மரியாதை பண்ணல?"

ராம்பச்சன் ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. பேசத் தெரியாதவர். இந்த மாதிரி ஆட்கள் சமாதானம் சொல்லப்போய்த்தான் கூரையில் நெருப்பு வைப்பார்கள். "பாபா நல்ல மனுஷன், லல்லன் அம்மா. நீ தப்பா நினைக்காத. அன்னைக்கு என்னைத் தாங்கினதே அவர்தான்."

"எப்படித் தாங்கினார்?"

"அரசமரத்தடியில. நான் கலயத்துல தண்ணி ஊத்தப் போவேனே, காலையில."

செத்தவனின் தாகத்துக்காக அரசமரத்தில் மண் கலயம் கட்டுவார்கள். அடியில் சின்ன ஓட்டை, அதில் ஒரு தர்ப்பை. கொள்ளி வைத்தவன் பத்து நாளும் போய் நீர் ஊற்றுவான், அது சொட்டுச் சொட்டாக இறங்கும். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

"அங்க என்ன ஆச்சு?"

"அழுதேன். தினமும் அழுதேன். பாபாதான் தோளைப் புடிச்சுக்கிட்டு, அழுதுடு ராம்பச்சன், அடக்காத, ஆம்பளை நெஞ்சு வெடிச்சுடும்னார்."

தனேஸரி அவர் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "எத்தனை நாள்?"

"பத்து நாளும்."

"சாயங்காலம் இங்க வந்து எனக்கு அதை வாசிச்சார். காலையில அங்க உங்களை அழச் சொன்னார்."

"பொம்பளைங்க ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம்னு..."

"நீங்க எங்கிட்ட சொல்லல."

"நீ கல்லு மாதிரி உக்காந்திருந்த. நான் அழுதேன்னு எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துச்சு."

அதன் பிறகும் பதினோரு வருஷம் ஒரே பாயில் படுத்த மனிதர். அவள் விழுங்கியதை ஒவ்வொரு மிடறாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். மிசிர் செய்தது ஒரு துரோகம் என்றால் இது அதைவிடக் கிட்டத்தில் இருந்து குத்தியது. அவள் தட்டை எடுத்துக் கழுவிப் போட்டுவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் நேராக அரசமரத்துக்குப் போனாள். மிசிர் செம்போடு தனியாக நின்றுகொண்டிருந்தார். கலயம் புதிது, சிவப்பு மாறாமல் இருந்தது.

"பாபா."

திரும்பியவர் திடுக்கிட்டார். "நீ இங்க வரக் கூடாதும்மா."

"தெரியும். வராம இருந்ததாலதான் பதினோரு வருஷம் ஏமாந்தேன். நேத்து அந்த ஏடு எங்க போச்சு?"

மிசிர் செம்பைக் கீழே வைத்தார். "நான்தான் வேண்டாம்னேன். தாங்காதும்மா எனக்கு."

"எனக்குத் தாங்கும்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

மிசிர் கலயத்தின் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரரை இதே மரத்தடியில அழச் சொன்னீங்களாமே?"

"அவன் நெஞ்சு வெடிச்சுடுமோன்னு பயந்தேன்."

"என் நெஞ்சு என்ன, தகர டப்பாவா?"

"அப்படி இல்ல தனேஸரி." கிழவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளை ஒருத்தன் தோட்டத்துப் பக்கம் நின்னு அழுதா அதோட போச்சு. தாய் அழுதா வீடு மொத்தமும் அழும். அப்ப நான் என்னத்த வாசிக்க, யார் கேக்க? எங்க அப்பா அப்படித்தான் பண்ணுவார். அந்த ஏட்டை வாசி, அடங்கிடுவாங்கன்னு சொல்லிக் குடுத்தார். அடங்கினாங்க. நல்லதுதானேன்னு நினைச்சேன்."

"ஆக, என் சத்தம் உங்களுக்கு இடைஞ்சலா இருந்துச்சு."

மிசிர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெருப்பு சுடாது, தண்ணி நனைக்காதுன்னீங்க. அப்படிப்பட்ட உசிரு என் கண்ணீரை மட்டும் எப்படிக் குடிக்கும்னு எனக்கும் கேக்கத் தோணல, பாருங்க. நான் ஒரு மடச்சி. சரி, குடிக்கும்னே வெச்சுக்குவோம். இப்ப உமாகாந்த் குடிச்சிட்டுத்தானே இருக்கான்? அஞ்சு நாளா நீங்க நிறுத்தலையே? உங்க பிள்ளை மேல உங்களுக்கு இரக்கம் இல்லையா?"

அவரைக் கிழிக்கத்தான் அப்படிக் கேட்டாள். கிழியட்டும் என்றுதான் நின்றாள். மிசிர் நிமிர்ந்தார். கண்ணிலிருந்து வழிந்ததை இப்போதும் துடைக்கவில்லை.

"குடிக்கட்டும்மா" என்றார். "வேற என்ன இருக்கு எங்கிட்ட, அவனுக்குக் குடுக்க? இந்தத் தண்ணிய ஊத்துறேன், அது மண்ணுக்குள்ள போறத என் கண்ணாலயே பாக்குறேன். இது ஒண்ணுதான் எங்கிட்டேர்ந்து நிஜமா வருது. உப்போ கரிப்போ, அப்பன் குடுத்தது. குடிக்கட்டும்."

கலயத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. தனேஸரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, பயம் மாதிரி ஏதோ வந்தது.

"அப்ப லல்லனுக்கு?" என்றாள். "காய்ஞ்ச பாதைன்னீங்களே பாபா. காய்ஞ்ச பாதையில போறவனுக்குத் தாகம் எடுக்காதா? அப்பன் குடுத்தான், ஊர்ல எல்லாரும் குடுத்தாங்க. மாயீ மாயீன்னு என் பின்னாலயே சுத்தினவன். பெத்த தாய்கிட்டேர்ந்து ஒரு சொட்டு போகல. நான் எல்லாத்தையும் முழுங்கிட்டேன். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்திருப்பானே!"

மிசிர் அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் பின்வாங்கினாள்.

"தொடாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப அழுதா அவனுக்குப் போய்ச் சேருமா? என்னை அடக்கறதுக்காக எதையும் சொல்லாதீங்க. நிஜத்தைச் சொல்லுங்க."

நாற்பது வருஷமாக எந்தக் கேள்விக்கும் வாயில் பதில் வைத்திருந்தவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாபா" என்றாள் தனேஸரி. "நானும் தெரியாமலே அழுதிருப்பேனே."

அங்கேயே நின்று அழுதுவிடலாம் என்று பார்த்தாள். முகத்தைக் குனிந்தாள், கண்ணை இறுக்கினாள். கண் எரிந்தது, தொண்டை வலித்தது, ஒன்றும் வரவில்லை. பதினோரு வருஷம் மேல் நோக்கித் திருப்பிவிட்டதை ஒரு காலையில் கீழே இறக்கிவிட முடியுமா? மிசிர் தன் மகனுக்காக அழ, அவள் காய்ந்த கண்ணோடு அவரைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். மூலையில் இருந்த வெங்காயக் கூடையை இழுத்து முற்றத்தில் போட்டாள். அரிவாள்மணையை வைத்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் முந்தானை மூக்குக்குப் போயிற்று. அதை அவிழ்த்து முதுகுக்குப் பின்னால் எறிந்தாள். ஒரு வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து முகத்துக்கு அருகில் வைத்து நறுக்கினாள். இன்னொன்று, இன்னொன்று. முதலில் மூக்கு அரித்தது. பிறகு கண் நிறைந்தது. தலை தன்னால் மேலே நிமிரப் பார்த்தது. வலுக்கட்டாயமாகக் குனிந்துகொண்டாள். முதல் சொட்டு மூக்கு நுனியில் தொங்கி, நறுக்கிய வெங்காயத்தின்மேல் விழுந்தது.

அதுவரைக்கும் வெங்காயம்தான். அதற்குப் பிறகு வந்த சத்தம் வெங்காயத்தால் வருகிற சத்தம் இல்லை.

ராம்பச்சன் தோட்டத்திலிருந்து வந்தபோது பாதிக் கூடை காலியாகியிருந்தது. பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் மாடு தீனியை விட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் பயந்துபோய் ஓடிவந்தார்.

"லல்லன் அம்மா! என்ன இது? இவ்வளவு வெங்காயம் எதுக்கு?"

"உங்க மகன் தாகமா இருக்கான்" என்றாள்.

அவருக்குப் புரிந்தது. பேசத் தெரியாத மனிதர் எதிரில் குந்தி, கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

தனேஸரி அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் பக்கம் போட்டுக்கொண்டாள்.

"நீங்க அப்பவே குடுத்துட்டீங்க. எழுந்து போங்க. இது என் பங்கு."